கல் படித்த குமாரசுவாமி

எங்கள் ருவான்வெல்லை றப்பர் தோட்டத்துப் பாறைகள் எவ்வளவு மழை பெய்தாலும் அசையாதவை. தண்ணீர் மேலால் வழிந்து குருகொட ஓயாவுக்குப் போய்விடும். போர் முடிந்தபின் முதன்முறையாக யாழ்ப்பாணம் போனபோதுதான் மழையைக் குடிக்கும் கல்லைக் கண்டேன். ஆற்றுக்கு அங்கே பஞ்சம். ஆனால் வளவுக்கு வளவு கிணறு.

அந்தச் சுண்ணாம்புக் கல்லைப் பற்றித் தேடப்போய் ஆனந்த குமாரசுவாமியிடம் வந்து நின்றேன். சிவ நடனத்தைப் பற்றி எழுதிய கலை அறிஞராகத்தான் நமக்கு அவரைத் தெரியும். அவரது முதல் தொழில் புவிச்சரிதவியல்.

1877 ஓகஸ்ட் 22இல் கொழும்பில் பிறந்தார். தந்தை சேர் முத்து குமாரசுவாமி, தாய் எலிசபெத் என்ற ஆங்கிலப் பெண். பொன்னம்பலம் இராமநாதனும் அருணாசலமும் இவருக்கு அத்தை மக்கள். இரண்டு வயதுக்குள் தந்தையை இழந்து இங்கிலாந்தில் வளர்ந்தார். இலண்டனில் புவிச்சரிதவியலும் தாவரவியலும் படித்துவிட்டு, 1902இல் இலங்கையின் பளிங்குருச் சுண்ணாம்புக் கல் பற்றி ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்.

அது மலைநாட்டுச் சுண்ணாம்புக் கல். பூமிக்கடியில் வெந்து இறுகியது. யாழ்ப்பாணத்துக் கல் கடலுயிர்களின் ஓடுகள் படிந்து உருவானது, வயதில் மிக இளையது. இரண்டையும் கரைப்பது ஒன்றுதான். மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள காபனீரொட்சைட்டை ஏற்று மென்னமிலமாகி, கல்லின் மெல்லிய வெடிப்புகளில் இறங்கி, அவற்றைக் கொஞ்சங் கொஞ்சமாக அகலமாக்குகிறது. இரத்தினபுரி மாவட்டத்து வவுல்பனைக் குகையும் புத்தூர் நிலாவரையும் இப்படி வந்தவையே. கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிவதும் அப்படிக் கரைந்த கல்தான்.

1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிப்பொருள் ஆய்வுப் பிரிவுக்கு அவரே தலைவர். எதைத் தோண்டலாம் என்று காலனி அரசுக்குச் சொல்லும் உத்தியோகம். சப்ரகமுவ மாணிக்கச் சரளையில் கிடைத்த கறுப்புக் கனிமமொன்றை 1904இல் ஆராய்ந்தார்; அது பின்னர் தோரியனைற்று எனப் பெயர் பெற்றது. ஆனால் ஊரூராக அலைந்தவரின் கண், நிலத்தை விட்டுக் கைவினைஞர் பக்கம் போனது. தறியும் உலையும் ஓய்ந்துகொண்டிருந்தன. 1908இல் மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய பெருநூலை வெளியிட்டார். 1917இல் பொஸ்டன் அருங்காட்சியகத்துக்குப் போனார். 1947இல் அமெரிக்காவிலேயே இறந்தார்.

கல்லை விட்டு அவர் விலகியதில் எனக்குச் சிறு மனத்தாங்கல் உண்டு. காங்கேசன்துறையில் சீமெந்துக்காகத் தோண்டிய பள்ளங்களை இடம்பெயர்ந்து திரும்பிய மக்கள் பார்த்தார்கள். சில வருடங்களில் சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் மிதந்தது. நல்ல தண்ணீர் இறங்கிய அதே வெடிப்புகள் அதையும் தடுக்கவில்லை.