விண்ணிலே செவி வைத்த தளபதி

அமெரிக்காவின் 34 ஆவது ஜனாதிபதியாக விளங்கிய ட்வைட் ஐசன்ஹோவர், 1890 ஆம் ஆண்டு ஒக்டோபர் 14 ஆம் திகதி ரெக்சாஸ் மாநிலத்தின் டெனிசன் நகரிற் பிறந்தார். கன்சாஸ் மாநிலத்து அபிலீன் என்னும் சிற்றூரில் எளிய குடும்பத்தில் வளர்ந்தார். தாயார் போரை அடியோடு வெறுத்தவர். ஆயினும், கட்டணமின்றி உயர்கல்வி பெறும் வழியாக மகனுக்கு வாய்த்தது வெஸ்ட் பொயின்ற் படைக் கல்லூரியே. 1915 இல் அங்கிருந்து அதிகாரியாக வெளியேறிய அவர், 1944 ஜூன் 6 இல் நோர்மண்டிக் கரையில் நேசநாட்டுப் படைகளை இறக்கிய மாபெரும் நடவடிக்கைக்குத் தலைமை தாங்கி உலகப் புகழ் எய்தினார்.

1953 இல் ஜனாதிபதிப் பொறுப்பை ஏற்றபோது அவரை வாட்டிய அச்சம் ஒன்றே. பேர்ள் துறைமுகத்தைப் போன்ற திடீர்த் தாக்குதல், இம்முறை அணுகுண்டுகளுடன் நிகழுமோ என்பதே அது. சோவியத் ஒன்றியம் மூடிய கோட்டையாக இருந்தது. 1955 ஜூலையில் ஜெனிவாவில், இருநாடுகளும் ஒன்றன் வானில் மற்றொன்று பறந்து பார்வையிடலாம் என்னும் திட்டத்தை அவர் முன்வைத்தார். குருஷேவ் அதனை ஏற்கவில்லை. அதன்பின் 1956 முதல் யூ-2 விமானங்கள் களவாகப் பறந்தன.

1960 மே 1 ஆம் திகதி, ஸ்வெர்ட்லோவ்ஸ்க் அருகே அவ்விமானமொன்று சுட்டு வீழ்த்தப்பட்டது. வழிதவறிய வானிலை ஆய்வு விமானம் என அமெரிக்கா கூறிய பொய், விமானி உயிருடன் பிடிபட்டிருப்பதைக் குருஷேவ் அறிவித்ததும் உடைந்தது. பாரிஸ் உச்சிமாநாடும் குலைந்தது. ஐசன்ஹோவரின் நீண்ட பொதுவாழ்வில் இதனினும் கசப்பான நாட்கள் சிலவே.

எனினும், விமானம் வீழ்ந்து நான்கு நாட்களில், மே 5 இல், அவர் வேறொரு இரகசியத் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்திருந்தார். கடற்படை ஆய்வுகூடம் உருவாக்கிய 'கிராப்' செய்மதியே அது. ஜூன் 22 இல் கேப் கனவரலிலிருந்து ஏவப்பட்ட அப்பந்தின் எடை ஏறத்தாழ 19 கிலோகிராம் மட்டுமே. சூரியக் கதிர்களை ஆராயும் கருவி என்றே உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அது முழுப் பொய்யுமன்று. அத்தகைய கருவியும் அதனுள் மெய்யாகவே இருந்தது.

ராடார் அலைகள் நேர்கோட்டிற் செல்பவை. பூமியின் வளைவினால், எல்லையோரம் பறக்கும் விமானத்துக்கு உள்நாட்டு ராடார்கள் எட்டா. ஆனால் அடிவானத்தைக் கடந்து விண்ணுக்குச் செல்லும் அதே அலைகளை நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் உயரத்திலுள்ள செய்மதி பற்றிக்கொள்ளும். பற்றியதை உடனே கீழே அனுப்ப, தரை நிலையங்கள் ஒலிநாடாவிற் பதிவுசெய்தன. வாஷிங்டனில் ஆராய்ந்தபோது, எதிர்பார்த்ததைவிட மிகப் பல ராடார்கள் சோவியத் வானைக் காத்து நிற்பது தெரியவந்தது. யூ-2 தந்த பாடத்தை மறவாத ஐசன்ஹோவர், தம் அனுமதியின்றி அச்செய்மதியை இயக்கிச் செவிமடுக்கக்கூடாதெனக் கண்டிப்பாயிருந்தார்.

அங்கு சேர்ந்த தகவல் இருபுறமும் கூரான வாள். எதிரியின் காவலை அறிவது அச்சத்தைத் தணித்தது; குண்டுவீச்சு விமானங்கள் செல்லவேண்டிய பாதையையும் அதுவே வகுத்துக் கொடுத்தது. இம்முரண்பாட்டை அவர் உணராதவரல்லர். 1961 ஜனவரி 17 இல் ஆற்றிய விடைபெறும் உரையில், படைத்துறையும் ஆயுதத் தொழிலும் கைகோத்துப் பெறும் செல்வாக்கு மக்களாட்சியை விழுங்கக்கூடும் என எச்சரித்தார்.

1969 மார்ச் 28 இல் ஐசன்ஹோவர் மறைந்தார். 'கிராப்' செய்மதியின் இரகசியம் 1998 வரை வெளிவரவில்லை. வீழ்ந்த விமானத்துக்காக அவர் தலைகுனிந்ததை உலகம் கண்டது. விண்ணிலே அவர் வைத்த செவியை, அவர் வாழ்ந்த காலத்து மக்கள் அறியவேயில்லை.