கோப்பில் கிடந்த குளம்

1923ஆம் ஆண்டின் நடுவில் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் வழக்கறிஞராகப் பதிவுசெய்துகொள்ள அம்பேத்கரிடம் பணம் இல்லை. நண்பர் ஒருவர் கடன் கொடுத்தார். கொலம்பியாவிலும் லண்டனிலும் பயின்று, கிரேஸ் இன் வழியாக பாரிஸ்டர் ஆகித் திரும்பியிருந்தவரின் நிலை அது. தீண்டப்படாதவர் என ஒதுக்கப்பட்ட வழக்கறிஞரைத் தேடிப் பெரிய வழக்குகள் வரவில்லை. பரேல் தாமோதர் அரங்கில் இருந்த அவரது அலுவலகத்துக்கு வந்தவர்கள் பெரும்பாலும் ஆலைத் தொழிலாளர்களும் கிராமத்து ஏழைகளும்தாம்.

அவர் தொழில் தொடங்கிய அதே காலத்தில், ஆகஸ்ட் மாதம், பம்பாய் சட்ட மேலவையில் எஸ்.கே.போலே கொண்டுவந்த தீர்மானம் நிறைவேறியது. பொதுப் பணத்தில் கட்டப்பட்ட அல்லது பராமரிக்கப்படும் குளம், கிணறு, சத்திரம், பள்ளி, மருத்துவமனை ஆகியவற்றை ஒடுக்கப்பட்ட மக்களும் பயன்படுத்தலாம் என்றது அது. (அடுத்த ஆண்டே சென்னை சட்ட மேலவையில் இரட்டைமலை சீனிவாசன் இதையொத்த தீர்மானத்தை நிறைவேறச் செய்தார்.) கொங்கணப் பகுதியில் உள்ள மகத் நகராட்சி 1924 ஜனவரியில் தன் சவுதார் குளத்தை அனைவருக்கும் திறந்துவிட்டதாகத் தீர்மானம் இயற்றியது.

மூன்றாண்டுகள் கழிந்தும் அந்தக் குளத்தில் ஒரு தலித்தின் கைகூடப் படவில்லை. தீர்மானம் கோப்பில் இருந்தது. 1927 மார்ச் 19, 20 தேதிகளில் மகதில் மாநாடு கூடியபோது, வந்திருந்தவர்களின் தாகத்துக்கு 40 ரூபாய் கொடுத்துத் தண்ணீர் வாங்க வேண்டியிருந்தது. அதே ஊரின் பொதுக் குளத்தில் முஸ்லிம்களும் பிற மதத்தவரும் தடையின்றி நீர் எடுத்துவந்தனர்.

இரண்டாம் நாள் அம்பேத்கர் முன்னால் நடக்க, ஊர்வலம் குளத்துக்குச் சென்றது. அவர் அள்ளிப் பருகினார், மக்களும் பருகினர். அவர்கள் எந்தச் சட்டத்தையும் மீறவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். மூன்றாண்டுகளுக்கு முன்பே வழங்கப்பட்ட ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

அடுத்துக் கோயிலுக்குள் நுழையப்போகிறார்கள் என்று வதந்தி பரவி, மாநாட்டுக்கு வந்தவர்கள் தாக்கப்பட்டனர். திருப்பித் தாக்கத் துடித்தவர்களை அம்பேத்கர் தடுத்து, வழக்குத் தொடர வைத்தார். தாக்கியவர்களில் சிலருக்குச் சிறைத் தண்டனை கிடைத்தது. மறுபுறம், 108 குடம் பஞ்சகவ்யம் ஊற்றிக் குளத்தைச் சுத்தம் செய்தார்கள். ஆகஸ்டில் நகராட்சி தன் தீர்மானத்தையே திரும்பப் பெற்றுக்கொண்டது.

டிசம்பரில் மீண்டும் மாநாடு அறிவிக்கப்பட்டது. இம்முறை எதிர்த்தரப்பும் சட்டத்தை நாடியது: குளம் தனியாருக்குச் சொந்தம் என்று உரிமையியல் வழக்கு தொடுத்து, டிசம்பர் 14 அன்று இடைக்காலத் தடை பெற்றது. ஆயிரக்கணக்கானோர் சிறை செல்லவும் ஆயத்தமாய்ப் பெயர் கொடுத்திருந்தனர். மாநாட்டின் முதல் நாளிரவு மனுஸ்மிருதியைத் தீயிட்ட அதே அம்பேத்கர், நீதிமன்றத் தடையை மீற வேண்டாம் என்றார். தங்களை எதிர்ப்பவர்கள் சாதி இந்துக்கள்தாம், அரசும் நீதிமன்றமும் அல்ல. அவற்றையும் பகைத்துக்கொண்டால் இழப்பு தங்களுக்கே என்பது அவரது கணக்கு. கூடியிருந்தவர்கள் அதை எளிதில் ஏற்கவில்லை. நெடுநேர விவாதத்துக்குப் பிறகே உடன்பட்டனர். பின்னர் குளத்தைச் சுற்றி ஊர்வலமாக நடந்தார்கள், நீரைத் தொடவில்லை.

இந்த முடிவைப் பின்வாங்கல் எனச் சொல்வோர் உண்டு. என் பார்வையில், அவர் நடத்திய சட்ட வகுப்புகளில் மிகக் கடினமானது இதுவே. உரிமை இருக்கிறது என்று மட்டும் ஒரு மக்கள் கூட்டத்துக்குச் சொல்லி அவர் விட்டுவிடவில்லை. தடையாணை என்றால் என்ன, அதை எங்கே எதிர்கொள்வது, அதுவரை எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்பதை, ஆத்திரம் தலைக்கேறிய நேரத்தில் புரியவைத்தார்.

வழக்கு பத்தாண்டுகள் நீண்டது. 1931இல் விசாரணை நீதிமன்றம், 1933இல் தாணே மாவட்ட நீதிமன்றம், 1937 மார்ச் 17 அன்று பம்பாய் உயர் நீதிமன்றம் என மூன்று படிகளிலும் அம்பேத்கர் தரப்பே வென்றது. இறுதித் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி புரூம்ஃபீல்டு. 1922இல் அகமதாபாத்தில் காந்திக்கு ஆறாண்டுச் சிறை விதித்தவரும் அவரே. தீண்டாமை சட்டவிரோதம் என்று அத்தீர்ப்பு கூறிவிடவில்லை. ஒருசாராரை விலக்கும் வழக்கம் தொன்றுதொட்டு இருந்துவந்தது என்பதை வாதிகள் மெய்ப்பிக்கவில்லை என்ற அளவில் நின்றுகொண்டது. அப்போது அம்பேத்கர் அரசு சட்டக் கல்லூரியின் முதல்வர்.

இன்று 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் நாடெங்கும் விழிப்புணர்வு முகாம்கள் நடத்துகின்றன. நல்ல ஏற்பாடு. ஆனால், பல முகாம்கள் சட்டப் பிரிவுகளை வாசித்து, துண்டறிக்கை வழங்கி, புகைப்படம் எடுத்துக்கொள்வதோடு முடிகின்றன. அந்தத் துண்டறிக்கையுடன் வட்டாட்சியர் அலுவலகத்துக்கோ காவல் நிலையத்துக்கோ செல்பவருடன் கூட நடக்க யார் இருக்கிறார்கள்?

அம்பேத்கர் 1956 டிசம்பர் 6 அன்று மறைந்தார். அவர் தலைமையிலான குழு வரைந்த அரசமைப்புச் சட்டத்தின் 15ஆவது பிரிவு, பாகுபாட்டுக்கு இடமில்லை என்று பொதுவாகச் சொல்லி நிறுத்திக்கொள்ளவில்லை. அரசுப் பணத்தில் பராமரிக்கப்படும் கிணறு, குளம், படித்துறை, சாலை எனப் பெயர் சொல்லியே பட்டியலிடுகிறது.