கொசுவைத் தேடிய கவிஞர்

(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி. விலங்கியல் மாணவர்)

மலேரியா என்ற சொல்லுக்கு இத்தாலிய மொழியில் கெட்ட காற்று என்பது பொருள். சதுப்பு நிலத்திலிருந்து எழும் நச்சுக்காற்றே குளிர்காய்ச்சலுக்குக் காரணம் என்று உலகம் நூற்றாண்டுக் கணக்கில் நம்பி வந்தது. அந்த நம்பிக்கையைத் தென்னாட்டு வெயிலில் அமர்ந்து தகர்த்தவர் சர் ரொனால்டு ராஸ். முறைக்காய்ச்சலையும் யானைக்காலையும் கண்கூடாகக் கண்ட முதியோர் நம் வட்டாரத்தில் இன்றும் உள்ளனர். ஆகவே அன்னாரின் வரலாறு நமக்கு அயலாருடைய கதை அன்று.

1857 மே 10ஆம் நாள் மீரத்தில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தனர். மூன்றே நாள் கழித்து, இமயமலைச் சாரலில் உள்ள அல்மோராவில், ஆங்கிலேயப் படை அதிகாரி ஒருவரின் மூத்த மகனாக ராஸ் பிறந்தார். தந்தை மலேரியாவில் வாடியதைச் சிறுவயதிலேயே கண்டவர். ஆயினும் மருத்துவத்தில் அவருக்கு நாட்டமே இல்லை. கவிதை, ஓவியம், இசை என்று அலைந்தது அவர் மனம். தந்தையின் வற்புறுத்தலால்தான் லண்டனில் மருத்துவம் படித்தார். 1881இல் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து சென்னை மாகாணத்துக்கு வந்தார். (வீட்டார் சொல்லுக்காகப் பாடப்பிரிவு எடுத்த நம் நண்பர்கள் சிலருக்கு இது ஆறுதல் தரலாம்!)

பெங்களூரில் பணிபுரிந்தபோது, தம் வீட்டுச் சன்னலருகே இருந்த தொட்டி நீரில் கொசுப்புழுக்கள் நெளிவதைக் கண்டார். நீரைக் கவிழ்த்ததும் கொசுத்தொல்லை குறைந்தது. ஆனால் கொசுவுக்கும் காய்ச்சலுக்கும் உள்ள உறவு அப்போது அவருக்குத் தோன்றவில்லை.

அதைத் தோன்றச் செய்தவர் பேட்ரிக் மேன்சன். யானைக்கால் நோயின் புழு கொசுவின் உடலுக்குள் வளர்கிறது என்பதை 1877இல் சீனத்தில் கண்டறிந்தவர் அவர். 1880இல் அல்ஜீரியாவில் லாவெரான் கண்ட மலேரியாக் கிருமியும் கொசு வழியே பரவலாம் என்று 1894இல் ராஸிடம் எடுத்துரைத்தார். கொசு நீரில் விழுந்து மடிகிறது, அந்நீரைப் பருகுவோருக்கு நோய் வருகிறது என்பது மேன்சனின் எண்ணம். இதைச் சோதிக்க, கொசு செத்த நீரை ஏழை மக்களுக்குக் கூலி கொடுத்துக் குடிக்கச் செய்தார் ராஸ். அறிவியலின் பெயரால் நடந்ததாயினும் இதைப் படிக்கையில் என் மனம் ஒப்பவில்லை. காசுக்காக உடலைச் சோதனைக்குத் தந்தவர்கள் யார், அறிந்து தந்தார்களா என்று கேட்கத் தோன்றுகிறது.

இரண்டாண்டுகள் வீணாயின. தவறான இனக் கொசுக்களையே அவர் அறுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். 1897இல் உதகையை அடுத்த சீகூர்ப் பகுதிக்குச் சென்றபோது அவரையே மலேரியா தாக்கிற்று. தேறியெழுந்து மீண்டும் செகந்திராபாத் வந்தார். ஆகஸ்டு மாதம், கடும் புழுக்கம். விசிறியை இயக்கினால் கொசுக்கள் பறந்துவிடும். ஆகவே காற்றின்றியே உழைத்தார். வியர்வை பட்டு நுண்ணோக்கியின் திருகுகள் துருவேறின. ஆய்வகத்தில் ஒரு கொசுவை அறுத்துப் பார்த்த நமக்கு அந்தப் பொறுமையின் அருமை புரியும்.

உசேன் கான் என்னும் நோயாளி, கொசு ஒன்றுக்கு ஓர் அணா வீதம் பெற்றுக்கொண்டு கடிபட்டார். இம்முறை, சிறகில் புள்ளிகள் கொண்ட புதுவகைக் கொசுக்கள். நாம் அனாபிலஸ் என்று படிக்கும் இனம் அது. ஆகஸ்டு 20 அன்று அவற்றுள் ஒன்றின் இரைப்பைச் சுவரில் வட்டமான உயிரணுக்களைக் கண்டார். அவற்றினுள் கரிய துகள்கள்! நோயாளியின் இரத்தத்தில் கிருமிக்குள் காணப்படும் அதே துகள்கள். அந்த நாளே இன்று உலகக் கொசு நாள்.

உடனே அரசு அவரை இராஜபுதனத்துக்கு மாற்றியது! பிறகு கல்கத்தாவில், முகமது பக்ஸ் என்ற உதவியாளரின் துணையுடன், பறவை மலேரியாவை ஆராய்ந்து, கிருமி கொசுவின் உமிழ்நீர்ச் சுரப்பிக்கு வந்து கடிவழியே பரவுவதை 1898 ஜூலையில் காட்டினார். நீரைக் குடிப்பதால் அன்று, கடியினால்! மனித மலேரியாவில் இச்சுழற்சி முழுவதையும் காட்டியவர்கள் இத்தாலியின் கிராசியும் அவர் தோழர்களும். இதில் முதன்மை யாருக்கு என்று ராஸ் ஆயுள்வரை வழக்காடினார். பெரியவருக்கு இது அழகன்று என்பது என் கருத்து. 1902இல் நோபல் பரிசு அவருக்கே கிடைத்தது.

1899இல் மேற்கு ஆப்பிரிக்காவின் சியரா லியோன் சென்று, அங்கும் அனாபிலஸே குற்றவாளி எனக் கண்டார். மேற்கு ஆப்பிரிக்காவிலேயே, இன்றைய நைஜீரியாவின் இபோ மக்களிடம் ஒரு கதை வழங்குகிறது. காதை மணக்க விரும்பிய கொசுவைப் பார்த்து, எலும்புக்கூடு போலிருக்கும் நீ எத்தனை நாள் வாழப்போகிறாய் என்று காது சிரித்ததாம். நான் இன்னும் உயிரோடுதான் இருக்கிறேன் என்று சொல்லவே கொசு இன்றும் காதருகே வந்து ரீங்கரிக்கிறதாம்.

கணிதத்துறை நண்பர்கள் ராஸை உரிமை கொண்டாடலாம். எல்லாக் கொசுவையும் ஒழிக்க வேண்டியதில்லை, குறிப்பிட்ட அளவுக்குக் கீழே குறைத்தாலே மலேரியா அடங்கும் என்று சமன்பாடுகளால் காட்டியவர் அவர். அக்கணிதமே இன்று தொற்றுநோய்க் கணிப்புகளுக்கெல்லாம் முன்னோடி.

இறுதிக் காலத்தில் பணமுடை நேர்ந்தது. தம் ஆய்வுக் கையெழுத்துக்களை விலைக்கு அறிவித்தார். ஹூஸ்டன் சீமாட்டி 2,000 பவுனுக்கு அவற்றை வாங்கினார். 1932 செப்டம்பர் 16 அன்று லண்டனில் ராஸ் காலமானார். கண்டுபிடிப்பைக் குறித்து அவர் இயற்றிய கவிதை, கல்கத்தா மருத்துவமனையின் நினைவு வாயிலில் இன்றும் பொறிக்கப்பட்டிருக்கிறது. 1927இல் அவ்வாயிலைத் திறந்துவைத்தவரும் அவரே.