கூரைக்குள் மழையைக் கட்டி வைத்தவர்!

மரக்காணம் உப்பளக் கரையில் நின்று பாருங்கள். ஒரு பக்கம் கடல். மறு பக்கம் கழுவெளி ஏரி. நடுவே பாத்தி பாத்தியாக உப்பு நீர். எங்கு திரும்பினாலும் தண்ணீர்தான்! ஆனால் கரையில் உள்ள ஓலைக் கொட்டகையில் தீப்பிடித்தால்? குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவதற்குள் கூரை சாம்பலாகிவிடும்.

தண்ணீர் பக்கத்தில் இருந்தால் போதாது. தலைக்கு மேல் இருக்க வேண்டும். அதற்காகவே உழைத்தவர், பிரடெரிக் கிரின்னல் என்ற அமெரிக்க என்ஜினீயர்.

கடலோரப் பிள்ளை

அவர் பிறந்ததும் கடலோர ஊரில்தான். திமிங்கில வேட்டைக் கப்பல்களுக்குப் பேர்போன நியூ பெட்போர்டு அவருடைய ஊர். பிறந்த ஆண்டு 1836. இளம் வயதிலேயே என்ஜினீயர் பட்டம் பெற்றார். ரெயில் என்ஜின் வேலை, நீராவி எந்திர வேலை எல்லாம் பார்த்தார். 1869-ல் பிராவிடன்ஸ் நகரில் இருந்த ஒரு குழாய்க் கம்பெனி அவர் கைக்கு வந்தது.

அந்தப் பக்கமெல்லாம் பஞ்சாலைகள். மரத்தூண், மர உத்திரம், எண்ணெய் ஊறிய மரத்தளம். காற்றில் பஞ்சுத் தூசி. ஒரு பொறி போதும்! கூரையடியில் துளை போட்ட குழாய்கள் உண்டு. ஆனால் ஓர் ஆள் ஓடிப்போய்த் திறந்துவிட வேண்டும். திறந்தால், தீ ஒரு மூலையில்; தண்ணீரோ கூடம் முழுவதும்!

1874-ல் பார்மலி என்ற பியானோத் தொழிலதிபர், தானே திறக்கும் நீர்த்தெளிப்பானைச் செய்தார். அதைத் தயாரிக்கும் உரிமையைக் கிரின்னல் பெற்றார். அதில் ஒரு குறை இருந்தது. மூடியைப் பிடித்திருந்த ஈயப்பற்று தண்ணீரைத் தொட்டுக்கொண்டே இருந்ததால், குளிர்ச்சியில் உருகத் தாமதமாயிற்று. கிரின்னல் பற்றைத் தண்ணீரிலிருந்து விலக்கி வைத்தார். சுமார் 70 டிகிரி சென்டிகிரேடு சூட்டில் பற்று உருகும். மூடி விழும். தீ உள்ள இடத்தில் மட்டும் மழை! 1881-ல் அதற்குக் காப்புரிமை பெற்றார்.

ஊஞ்சல் கணக்கு

தெளிப்பானைத் தாங்குவது குழாய். குழாயைத் தாங்குவது எது? எரியக்கூடிய அதே மர உத்திரம்! குழாய் விழுந்தால் மழையும் இல்லை, ஆலையும் இல்லை.

குழாய் போடுவதில் ஆளுக்கொரு முறை இருந்தது. 1895-ல் போஸ்டன் நகரைச் சுற்றி 100 மைலுக்குள் 9 விதமான விதிகள்! இதைச் சீராக்கக் கூடிப் பேசியவர்களில் கிரின்னலும் ஒருவர். மறு ஆண்டு அமெரிக்கத் தேசிய தீத்தடுப்புச் சங்கம் பிறந்தது.

நம் வீட்டு உத்திரத்தில் ஊஞ்சல் மாட்டுகிறோம். உட்காரும் எடைக்கு மட்டுமா கொக்கி போடுகிறோம்? பிள்ளைகள் எம்பி ஆடுவதற்கும் சேர்த்துத்தானே! அந்தச் சங்கத்தின் விதியும் அப்படித்தான். ஒரு அங்குல இரும்புக் குழாய்க்கு 12 அடிக்குள் ஒரு பிடிமானம் வேண்டும். தண்ணீர் நிரம்பிய 12 அடிக் குழாயின் எடை சுமார் 11 கிலோ. பிடிமானமோ அதைப்போல் ஐந்து மடங்கையும், அதற்குமேல் 114 கிலோவையும் தாங்க வேண்டும். கூட்டினால் சுமார் 170 கிலோ!

ஆணி அடித்துத் தொங்கவிடக் கூடாது. மரத்திருகாணியைத் திருப்புளியால் முறுக்க வேண்டும். உத்திரத்தின் பக்கவாட்டில் போட்டால், கீழ் விளிம்பிலிருந்து இரண்டரை அங்குலமாவது மேலே இருக்க வேண்டும். விளிம்பில் போட்டால் மரம் பிளக்கும். எந்தத் தச்சரைக் கேட்டாலும் சொல்வார். மரக்காணம் போன்ற உப்புக்காற்றுக் கரையானால், துருப்பிடிக்காத பிடிமானமாகவும் பார்க்க வேண்டும்.

கிரின்னல் ஓயவில்லை. 1890-ல் கண்ணாடி வில்லை வைத்த தெளிப்பானையும் கொண்டுவந்தார். 1905 அக்டோபர் 21-ந் தேதி, பிறந்த ஊரான நியூ பெட்போர்டிலேயே காலமானார்.