பல்லாவரத்துக் கல்
ராபர்ட் புரூஸ் பூட் (1834 – 1912)

பள்ளிக்கூடத்தில் சரித்திரம் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு ராபர்ட் புரூஸ் பூட் என்ற பெயர் தெரியும். பல்லாவரம், 1863, கற்கோடரி என்று ஒரே மூச்சில் ஒப்பித்துவிடுவார்கள். அதே பிள்ளைகள் ஞாயிறு பூசைக்குப் பின் ஞானோபதேச வகுப்பில் உட்கார்ந்து ஆதாம் ஏவாளைப் பற்றிக் கேட்கிறார்கள். இரண்டும் எப்படிச் சேரும் என்று கேட்கும் பிள்ளையை அதட்டி அடக்கும் பெற்றோர் உண்டு. பள்ளியில் சொல்வதைப் பரீட்சைக்கு மட்டும் படி, நம்பாதே என்று புத்தி சொல்பவர்களும் உண்டு. இரண்டுமே பிள்ளைக்கு நல்லதல்ல. கேள்விக்குப் பதில் கிடைக்காத பிள்ளை கல்லூரிக்குப் போனதும் கோயிலுக்கு வருவதை நிறுத்திவிடுகிறது. ஆகையால் இந்த மனிதருடைய வாழ்க்கையைச் சற்று விரிவாகவே சொல்லுகிறேன்.

பூட் 1834-ம் ஆண்டு இங்கிலாந்தில் செல்ட்டனாம் என்னும் ஊரில் பிறந்தார். 1858-ல், இருபத்து நான்கு வயது வாலிபராக, இந்திய பூகர்ப்ப ஆராய்ச்சி இலாகாவில் உத்தியோகம் பெற்று, சென்னை மாகாணத்தில் வேலைக்கு வந்தார். காடு மேடெல்லாம் சுற்றி, எந்த இடத்தில் எந்தப் பாறை, அதன்மேல் எந்த மண் என்று பார்த்து வரைபடத்தில் குறிப்பதே வேலை.

1862-ல் எலிசபெத் பெர்சிவல் என்னும் பெண்ணை மணந்தார். அவளுடைய தகப்பனார் பீட்டர் பெர்சிவல் புராட்டஸ்தாந்து குருவானவர். யாழ்ப்பாணத்தில் பல வருஷம் இருந்து, ஆறுமுக நாவலரின் துணையோடு வேதாகமத்தைத் தமிழில் மொழிபெயர்த்து 1850-ல் வெளியிட்டவர். பிறகு சென்னை மாநிலக் கல்லூரியில் ஆசிரியராக இருந்தார். ஆதியாகமத்துக்குத் தமிழ் தேடியவர் மாமனார். ஆதி மனிதனைக் கல்லில் தேடியவர் மருமகன். இருவரும் ஒரே குடும்பம் என்பதை நம் பாடப் புத்தகங்கள் சொல்லுவதில்லை.

அந்நாட்களில் ஐரோப்பா இந்த விஷயத்தில் கொதித்துக்கொண்டிருந்தது. டார்வின் தம் நூலை வெளியிட்டது 1859-ல். அதே ஆண்டில் ஆங்கிலேய அறிஞர்கள் சிலர் பிரான்சு தேசத்துக்குப் போய், சோம் நதிப் பள்ளத்தாக்கில் அழிந்துபோன மிருகங்களின் எலும்புகளோடு கல்லாயுதங்களும் புதைந்து கிடப்பதை நேரில் கண்டு உறுதி செய்தார்கள். இச்செய்தியைப் படித்த பூட், இந்தியாவிலும் இப்படி இருக்கக்கூடும் என்று கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தார்.

1863-ம் ஆண்டு மே 30-ம் தேதி. சென்னைக்குத் தெற்கே பல்லாவரத்தில், சரளைக்கல் எடுக்க வெட்டிய ஒரு பள்ளம். வெளியே கொட்டிக்கிடந்த குவியலில் ஒரு கல் அவர் கண்ணில் பட்டது. இரு பக்கமும் சில்லு சில்லாகப் பெயர்த்து, விளிம்பு கூராக்கப்பட்டிருந்தது. தண்ணீரில் உருண்ட கல் வழுவழுப்பாகும், இப்படிக் கூராகாது. மனிதன் கைபட்ட ஆயுதம் என்று அவர் உடனே அறிந்துகொண்டார்.

இங்கேதான் அவருடைய நேர்மை எனக்குப் பிடித்தது. அந்தக் கல் பள்ளத்துக்கு வெளியே கிடந்தது. எந்த மண்ணடுக்கிலிருந்து வந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆகவே அவர் அவசரப்படவில்லை. செப்டம்பர் மாதம் வில்லியம் கிங் என்ற சக ஊழியரோடு, இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ள அத்திரம்பாக்கத்துக்குப் போனார். அங்கே ஓடைக்கரையில், கலையாத மண்ணடுக்குக்குள்ளேயே அத்தகைய ஆயுதங்கள் பதிந்திருக்கக் கண்டார்கள். அதன் பிறகே உலகுக்கு விரிவாக அறிவித்தார்.

நம் பக்கத்துக்கும் இவர் வந்தவர். மதுரை, திருநெல்வேலி ஜில்லாக்களின் பாறைகளையும் மண்ணையும் பற்றி இவர் எழுதிய நூல் 1883-ல் வெளியாயிற்று. தென்காசியும் குற்றாலமும் அந்நாளில் திருநெல்வேலி ஜில்லாவைச் சேர்ந்தவை. நமக்கென்று தனி மாவட்டம் 2019-ல்தான் வந்தது. சாயர்புரம் பக்கத்துச் செம்மண் தேரியில் கிடைத்த சின்னஞ்சிறு கல்லாயுதங்களையும் அவர் சேகரித்தார்.

பூகர்ப்ப சாஸ்திரிகள் காலத்தை எப்படி எண்ணுகிறார்கள் என்று அறிய நாம் தூரம் போகவேண்டாம். குற்றாலம் பேரருவி நேரே கீழே விழுவதில்லை. பொங்குமாகடல் என்னும் குழியில் முதலில் விழுந்து, பொங்கி, பிறகே நம் தலையில் விழுகிறது. தாத்தா காலத்தில் அந்தக் குழி எப்படி இருந்தது என்று ஊரில் பெரியவர்களைக் கேளுங்கள். இப்படியேதான் இருந்தது என்பார்கள். மூன்று தலைமுறை சாரலும் சீசனும் சேர்ந்து கண்ணுக்குத் தெரியும்படி தேய்க்காத பாறை அது. அதில் தண்ணீர் பள்ளம் பறிக்க எத்தனை தலைமுறை ஆகியிருக்கும்?

ஆனால் பூட் வாழ்ந்த காலத்தில் உலகத்துக்கு வயது ஆறாயிரம் என்று பலர் நம்பினார்கள். அயர்லாந்தில் அஷ்ஷர் என்ற ஆங்கிலிக்கன் அதிமேற்றிராணியார், வேதாகமத்தில் உள்ள வம்ச வரிசைகளைக் கூட்டி, சிருஷ்டி நடந்தது கி.மு. 4004 என்று 1650-ல் கணக்கிட்டார். ஆங்கில வேதாகமங்களின் ஓரத்தில் அந்த எண் அச்சிடப்பட்டது. ஓரத்தில் இருந்ததை ஜனங்கள் வேத வாக்கியமாகவே எடுத்துக்கொண்டார்கள். இது அவர்கள் தவறு என்று நாம் சிரிக்கவேண்டியதில்லை. நம்முடைய ரோமன் திருச்சபையிலும் கிறிஸ்துமஸ் இரவில் வாசிக்கப்பட்ட பழைய அறிவிப்பு, சிருஷ்டியிலிருந்து 5199-ம் ஆண்டில் கிறிஸ்துநாதர் பிறந்தார் என்றே சொல்லிற்று. அது ஒருபோதும் விசுவாச சத்தியமாக வரையறுக்கப்பட்டதில்லை. 2001-ல் திருத்தப்பட்ட நூலில் திருச்சபை அந்த எண்ணை எடுத்துவிட்டு, எண்ணற்ற யுகங்கள் என்று வைத்தது.

அத்திரம்பாக்கத்துக் கல்லுக்கு எத்தனை வயது என்று அளக்க பூட் நாளில் வழியில்லை. 2011-ல் சாந்தி பப்பு குழுவினர், பிரெஞ்சு விஞ்ஞானிகளோடு சேர்ந்து அளந்தபோது, சுமார் பதினைந்து லட்சம் ஆண்டு என்று வந்தது. நம்மைப் போன்ற மனிதர் பூமியில் தோன்றி மூன்று லட்சம் ஆண்டுதான் ஆகிறது என்கிறார்கள். அப்படியானால் அந்தக் கல்லைச் செதுக்கியவன் நமக்கும் முந்திய ஓர் இனத்தவன்.

இதைக் கேட்டு விசுவாசி பயப்படவேண்டுமா? அர்ச். அகுஸ்தீன் டார்வினுக்கு ஆயிரத்து நானூறு வருஷத்துக்கு முன்பே, ஆதியாகமத்தின் ஆறு நாளும் நம் இருபத்து நாலு மணி நேர நாட்களாக இருக்கவேண்டியதில்லை என்று எழுதியவர். பன்னிரண்டாம் பத்திநாதர் 1950-ல் எழுதிய சுற்றுமடலில், மனித சரீரம் முந்திய உயிர்ப்பொருளிலிருந்து வந்ததா என்று அறிஞர் ஆராயலாம், ஆனால் ஒவ்வொரு ஆத்துமத்தையும் சர்வேசுரனே நேராக உண்டாக்குகிறார் என்று போதித்தார். மனுக்குலம் ஒரே ஆதாமின் வம்சம் என்பதை எளிதாய்க் கைவிடவேண்டாம் என்றும் எச்சரித்தார். இரண்டாம் அருள் சின்னப்பர் 1996-ல், பரிணாமக் கொள்கை இனி வெறும் ஊகம் அல்ல என்று ஒத்துக்கொண்டார். ஆத்துமம் முதன்முதல் எவனுக்கு, எப்போது அளிக்கப்பட்டது என்பதை எந்தக் கல்லும் சொல்லாது. ஆத்துமம் மண்ணில் பதியும் பொருளல்ல.

இன்னொரு கட்சி இருக்கிறது. அமெரிக்காவிலிருந்து புறப்பட்டு இப்போது நம் வீட்டு செல்போன் வரைக்கும் வந்துவிட்டது. உலகம் ஆறாயிரம் வருஷம் என்று இவர்கள் வெளிப்படையாய்ச் சொல்லுவதில்லை. கண்ணையும் உயிரணுவையும் பார், இவ்வளவு நுட்பம் தானாக வருமா, யாரோ அறிவாளி வடிவமைத்ததற்கு இதுவே விஞ்ஞான அத்தாட்சி என்பார்கள். இது விஞ்ஞானம் அல்ல என்று 2005-ல் பென்சில்வேனியாவில் ஒரு நீதிமன்றம் தீர்த்தது. கோர்ட்டுத் தீர்ப்பு கிடக்கட்டும். கல்லைப் பார்த்து செதுக்கியவனை பூட் அறிந்துகொள்ளவில்லையா, நாமும் அப்படியே கடவுளை அறியலாமே என்று உங்களில் யாராவது கேட்கலாம். நல்ல கேள்வி.

பூட் எப்படி அறிந்தார்? செதுக்கிய கல்லை, செதுக்காத கல்லோடு ஒப்பிட்டு அறிந்தார். ஒன்றைக் கையில் எடுத்தார், மற்றதைக் கீழே போட்டார். சர்வேசுரனிடத்தில் அந்த ஒப்பீடு செல்லாது. பூட் கீழே போட்ட கல்லையும் அவர்தான் உண்டாக்கினார். மனிதன் செதுக்குவதுபோல் அவர் வெளியிலிருந்து அங்கங்கே செதுக்குபவர் அல்ல. விஞ்ஞானத்துக்கு விளங்காத இடத்தில் மட்டும் அவர் கையைத் தேடினால், விஞ்ஞானம் ஒவ்வொன்றாய் விளங்கவைக்கும்போது அவருக்கு இடம் குறைந்துகொண்டே வரும்.

அர்ச். தோமாஸ் அக்குவினாஸ் காட்டிய வழி வேறு. சர்வேசுரன் முதற்காரணர், சிருஷ்டிகளையும் காரணங்களாக வைத்து அவற்றின் மூலமாகவே செயல்படுகிறார். குழந்தை கர்ப்பத்தில் மாதாமாதம் எப்படி வளருகிறது என்பதை டாக்டர் ஸ்கேன் எடுத்துக் காட்டுகிறார். அதைப் பார்த்த பிறகும் நீங்கள் குழந்தையைக் கோயிலுக்குக் கொண்டுவந்து, சர்வேசுரன் கொடுத்த பிள்ளை என்றுதானே சொல்லுகிறீர்கள்? ஒன்பது மாதத்துக்குப் பொருந்துவது லட்சக்கணக்கான வருஷத்துக்கும் பொருந்தும்.

பூட் 1891-ல் இலாகாவிலிருந்து ஓய்வு பெற்று, பரோடா, மைசூர் சமஸ்தானங்களுக்கும் வேலை செய்து, ஏற்காட்டில் குடியேறினார். மாமனார் பெர்சிவலும் 1882-ல் அந்த மலையிலேதான் காலஞ்சென்றார். நாற்பது வருஷமாகச் சேர்த்த கல்லாயுதங்களையும் பழைய பானை ஓடுகளையும் பூட் வரிசைப்படுத்தி எண்ணிட்டு வைத்தார். 1904-ல் சென்னை அரசு அச்சேகரத்தை விலைக்கு வாங்கியது. அதன் பட்டியலை அவரே தயாரித்தார். அச்சாகி வந்தபோது அவர் இல்லை. 1912-ம் ஆண்டு டிசம்பர் 29-ம் தேதி கல்கத்தாவில் இறந்தார். ஏற்காடு பரிசுத்த திரித்துவ ஆலயத்தில் அவருக்கு நினைவுச் சின்னம் உண்டு.

அந்தச் சேகரம் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போகலாம். பிள்ளைகளை அழைத்துப் போகிறவர்கள், வெண்கலச் சிலைகளைப் பார்த்ததும் திரும்பிவிடாமல், கற்காலப் பகுதி எங்கே என்று கேட்டு அதையும் காட்டிவிட்டு வரவும்.