லான்ட்மாஸ்டரும் சிறு வானூர்தியும்

குடாநாட்டில் லான்ட்மாஸ்டர் என்ற சொல்லை அறியாத வீடு இல்லை. தோட்டத்தை உழுவதற்கும், பெட்டி பூட்டி வெங்காயமும் புகையிலையும் ஏற்றுவதற்கும் பயன்படும் இரட்டைச் சக்கர உழவு இயந்திரத்தை, அது எந்த நாட்டில் செய்யப்பட்டதாயினும், நம்மவர்கள் இப்பெயராலேயே அழைக்கின்றனர். அப்பெயரோடு முதலில் வந்த இயந்திரத்தை உருவாக்கியவர் ஓர் இலங்கையர் என்பதைப் பலர் அறியார். அவரே பொறியியலாளர் ரே விஜேவர்தன.

இவர் 1924 ஓகஸ்ட் 20ஆம் திகதி பிறந்தார். கல்கிசை புனித தோமஸ் கல்லூரியில் கற்று, இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பயின்றார். வானூர்தி மீது அவருக்குத் தணியாத ஆசை இருந்தது. ஆயினும் விவசாய நாடொன்றில் பிறந்தவர் என்ற நினைவும் அவரை விட்டு நீங்கவில்லை. 1950களில் அவர் வடிவமைத்த இரட்டைச் சக்கர உழவு இயந்திரம் இங்கிலாந்தில் தயாரிக்கப்பட்டு, லான்ட்மாஸ்டர் என்ற பெயரில் பல நாடுகளுக்கும் சென்றது.

வேறொருவராயின் அந்தப் புகழோடு நிறைவடைந்திருப்பார். இவரோ தம் கண்டுபிடிப்பைத் தாமே விசாரணைக் கூண்டில் ஏற்றினார். எருமை செய்த வேலையை இயந்திரம் செய்கிறது. ஆனால் விவசாயியின் விளைச்சல் அதனால் கூடியதா என்று சிந்தித்தார். எருமை பால் தரும், எரு தரும், கன்றும் ஈனும். இயந்திரமோ எரிபொருளும் உதிரிப்பாகமும் கேட்கும். தாம் எருமையைத்தான் இயந்திரமாக்கினோம், விவசாயத்தை முன்னேற்றவில்லை என்ற முடிவுக்கு வந்தார். அதை வெளிப்படையாகச் சொல்லவும் அவர் தயங்கவில்லை.

பின்னர் நைஜீரியாவின் இபாதான் நகரிலுள்ள சர்வதேச வெப்பமண்டல விவசாய நிறுவனத்தில் பணியாற்றியபோது, நிலத்தை உழாமலே விதையிடும் எளிய கைக்கருவியை உருவாக்கினார். கடும் மழை பெய்யும் வெப்ப நாடுகளில், உழுது திறந்துவிட்ட மேல்மண் நீரோடு போய்விடும் என்பதே அவரது கவலை. நம் வேலிகளில் நிற்கும் கிளிசரியாவை அவர் பெருஞ்செல்வமாகக் கண்டார். அதன் இலை பசளை, தடி விறகு. அவ்விறகைக் கொண்டு மின்சாரம் எடுக்கலாம் என்று நாடெங்கும் எடுத்துரைத்தார். 2005இல் கிளிசரியா இலங்கையின் நான்காவது பெருந்தோட்டப் பயிராக அங்கீகாரம் பெற்றது.

இத்தனைக்கும் நடுவே அவர் வானத்தை மறக்கவில்லை. வானூர்தி, ஹெலிகொப்டர், ஓட்டோஜைரோ ஆகிய மூன்றையும் செலுத்தத் தெரிந்தவர், மிக இலகுவான சிறு வானூர்திகளைத் தம் கைப்பட வடிவமைத்துக் கட்டிப் பறந்தார். இவ்வகை ஊர்தியின் அமைப்பு எளியது. அலுமினியக் குழாய்களால் ஆன சட்டகம், அதன்மேல் இழுத்துக் கட்டிய துணி இறக்கை, ஒரு சிறிய இயந்திரம். அமெரிக்காவில் 1982இல் வகுக்கப்பட்ட விதியின்படி, இயந்திரம் பூட்டிய இவ்வகை ஊர்திக்கு ஓர் இருக்கைதான் இருக்கலாம். வெற்று நிறை 254 இறாத்தலுக்கு, அதாவது ஏறக்குறைய 115 கிலோகிராமுக்குக் குறைவாக இருக்க வேண்டும். நிறை குறைவென்பதால் குறைந்த வேகத்திலேயே அது மேலெழும். நீண்ட ஓடுபாதை வேண்டாம், புல்வெளி போதும். சிலாபத்துக்கு அருகே காக்கப்பள்ளியவில் இருந்த தம் தென்னந்தோட்டத்திலேயே அவர் ஓடுபாதை வைத்திருந்தார்.

எங்கள் குடாநாட்டுக்கு வானூர்தி வேறு விதமாகவே அறிமுகமானது. பொம்பர் வரும் சத்தம் கேட்டதும் பங்கருக்குள் ஓடிய கதையைச் சொல்லாத பெற்றோர் இங்கு குறைவு. போர் முடியும் வேளையில் பிறந்த எங்களுக்கும் அந்தப் பயத்தில் ஒரு பங்கு வந்து சேர்ந்திருக்கிறது. அதனால்தான் இம்மனிதரின் வாழ்க்கை எங்களுக்கு முக்கியமானது. வானூர்தி என்பது ஒருவர் தம் கையால் கட்டி, தென்னை மரங்களுக்கு மேலே மகிழ்ச்சியாகப் பறக்கக் கூடிய பொருளுமாகும் என்பதை அவர் செய்து காட்டினார். வல்வெட்டித்துறைக் கடற்கரையில் தைப்பொங்கல் நாளில் மூங்கிலும் தாளும் நூலும் கொண்டு விதவிதமான பட்டங்களை ஏற்றும் இளைஞர்களின் கைகளிலும் இந்த அறிவின் முதற்படி இருக்கிறது. இறக்கையைத் தூக்கும் காற்றின் விசையைப் பரீட்சைக்காக மட்டும் மனனஞ் செய்யும் நாங்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அவர் விளையாட்டிலும் வல்லவர். 1968 மெக்சிக்கோ ஒலிம்பிக்கில் பாய்மரப் படகோட்டத்தில் பங்குபற்றினார். 1970 பேங்கொக் ஆசிய விளையாட்டுப் போட்டியில் வெள்ளிப் பதக்கம் வென்றார். 2002 முதல் 2007 வரை மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் வேந்தராக விளங்கினார். அப்போதும் தம்மை விவசாயி என்றும் மெக்கானிக் என்றும் சொல்லிக்கொள்ளவே விரும்பினார். 2010 ஓகஸ்ட் 18ஆம் திகதி, 86ஆவது பிறந்தநாளுக்கு இரண்டு நாட்கள் இருக்கையில், அவர் காலமானார்.

பொறியியல் கற்கப் போகும் மாணவியருக்கு அவர் விட்டுச் சென்றது ஒரு கேள்வி. நாம் செய்யும் இயந்திரம் யாருக்கு, எதற்கு உதவுகிறது? தம் புகழ்பெற்ற படைப்பிடமே அக்கேள்வியைக் கேட்ட துணிவு அவரிடம் இருந்தது. எங்கள் தோட்டங்களில் இன்றும் லான்ட்மாஸ்டர் ஓடிக்கொண்டிருக்கிறது. வேலியில் கிளிசரியா தளிர்க்கிறது. அக்கேள்விக்கு இங்கிருந்தே விடை தேடத் தொடங்கலாம்.