இளைஞரின் தந்தை புனித தொன் போஸ்கோ

நம் ஆலயப் பொன்விழா மலரில் ஒரு புனிதரின் வரலாறு இடம்பெற வேண்டும் என்றபோது, தொன் போஸ்கோவே நம் நினைவுக்கு வந்தார். காரணம் உண்டு. 2015 ஏப்ரல் 7 அன்று சேசாசலக் காட்டில், செம்மரம் கடத்த வந்தவர்கள் என்று சொல்லி, ஆந்திரக் காவல்துறையினர் 20 தமிழ்த் தொழிலாளரைச் சுட்டுக் கொன்றனர். இறந்தோருள் சித்தேரி மலைவாசிகளும் இருந்தனர். அவர்கள் நம் கொல்லிமலையாரின் இனத்தவர்.

யோவான் போஸ்கோ 16-8-1815இல் இத்தாலி நாட்டுப் பெக்கி என்னும் சிற்றூரில் உழவர் குடியில் பிறந்தார். இரண்டு வயது நிறையுமுன் தந்தையை இழந்தார். தாய் மார்கரீத்தா அம்மாள் வயலில் உழைத்து வளர்த்தார். பண்ணையாளாக வேலை பார்த்தும் படித்தும் 5-6-1841இல் குருப்பட்டம் பெற்றுத் தூரின் நகருக்கு வந்தார்.

அந்நகரில் கட்டட வேலை பெருகியிருந்த காலம் அது. மலைக் கிராமத்துச் சிறுவர்கள் கொத்து வேலைக்கும் புகைபோக்கி துடைக்கவும் வந்து குவிந்தனர். வேலையற்ற நாளில் தெருக்கூட்டங்களில் சேர்ந்து கல்லெறிச் சண்டையிலும் திருட்டிலும் இறங்கினர். தந்தை கஃபாசோ இளங்குருவைச் சிறைகளுக்கு அழைத்துச் சென்றார். அங்கே 12 முதல் 18 வயதுவரையுள்ள பையன்கள் ஏராளம். விடுதலையானவர்களே சில நாளில் திரும்பவும் வந்து சேர்ந்தனர். வெளியே அவர்களை ஏற்கப் பழைய கூட்டாளிகளைத் தவிர வேறு ஆளில்லை என்பதைத் தொன் போஸ்கோ கண்டுகொண்டார்.

8-12-1841இல் கரெல்லி என்ற அனாதைக் கொத்துச் சிறுவனோடு அவருடைய பணி தொடங்கிற்று. பிள்ளைகள் பெருகப் பெருக, இரைச்சல் தாளாமல் இடத்துக்கு இடம் துரத்தினார்கள். நகர அதிகாரியோ அவரையே சந்தேகித்தார். 1846 பாஸ்கா நாளில்தான் வால்தோக்கோவில் ஒரு கொட்டகை கிடைத்தது. வைக்கோல் பரணில் படுக்க இடங்கொடுத்த பையன்கள் சிலர் விடியுமுன் கம்பளிகளைச் சுருட்டிக்கொண்டு ஓடிப்போயினர்! ஆயினும் 1847இல் ஓர் அனாதையைத் தம் வீட்டிலேயே சேர்த்துக்கொண்டார்.

நம்மை மிகவும் கவர்வது அவர் எழுதிய தொழிற்பயிற்சி ஒப்பந்தம். 1852இல் தச்சர் ஒருவரோடு முத்திரைத்தாளில் செய்தது இன்றும் உள்ளது. பையனை அடிக்கலாகாது, தொழிலுக்குப் புறம்பான வேலை வாங்கலாகாது, திருநாட்களில் ஓய்வு தரவேண்டும், கூலியைப் படிப்படியாக உயர்த்தவேண்டும். பையனின் தந்தையும் தொன் போஸ்கோவும் கையொப்பமிட்டனர். இதை வாசிக்க நமக்கே வெட்கம். 70 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி வேலைக்குப் போகும் நம் பையன்களிடம், கூட்டிப்போகும் தரகர் யார், முன்பணம் எவ்வளவு என்று நாம் கேட்டதுண்டா? கல்யாண ஓலைக்கு வருவோரைக் கேட்பதில் கால்வாசிகூட இல்லை.

1853இல் தம் இல்லத்திலேயே செருப்புத் தொழிலும் தையலும் தொடங்கினார். 1859இல் சலேசிய சபை உருவாயிற்று. 31-1-1888இல் இறைவனடி சேர்ந்தார், 1934இல் புனிதரானார். அவருடைய சபைக் குருக்கள் 1906இல் தஞ்சாவூருக்கு வந்து, அனாதைச் சிறுவர் இல்லம் ஒன்றை ஏற்று நடத்தத் தொடங்கினர்.